தரங்கம்பாடி முன்சீப்

ஆண்டு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தரல் வேண்டும் என்று நம் சங்கத்துச் செயலாளர் அவர்கள் பணித்தபோது நாம் சற்றே தயங்கினோம். நாம் ஆராய்ச்சியாளர் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு கல்வியை நிறுத்தி, ரயில்வேயில் குமாஸ்தாவாகப் புகுந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்சல் ஏடுகளோடு வாழ்பவர். ஆயினும் அன்பர்தம் ஆணையை மறுத்தற்கு மனம் வரவில்லை. ஆதலின், சில ஆண்டுகளாக நம் உள்ளத்தில் கிடந்து வரும் ஒரு பொருளையே எழுதத் துணிந்தோம். குற்றங் குறைகளைப் பொறுத்தருளுமாறு வேண்டுகிறோம்.

இப்பொருள் நம் உள்ளத்தில் ஊன்றியதற்குக் காரணம் ஒரு சிறு நிகழ்ச்சி. இந்நாகபுரியில் வணிகர் இருவர்க்கிடையே எழுந்த ஒரு வழக்கில், மூட்டைகள் எந்நாளில், எவரிடம் ஒப்படைக்கப்பட்டன என்பதை மெய்ப்பிக்க, பார்சல் ஏட்டுடன் வருமாறு நமக்குச் சம்மன் வந்தது. நீதிமன்றத்தின் படியை அதுவரை நாம் மிதித்ததில்லை. காலை முதல் பிற்பகல் வரை தாழ்வாரத்து மரப்பலகையில் அமர்ந்திருந்தோம். எம்மருங்கும் மராத்தியும் இந்தியும் ஒலித்தன. அழைப்பு வந்து உள்ளே சென்றபோது, நீதி பீடத்தில் நம் தங்கை வயதினரான ஓர் அம்மையார் வீற்றிருந்தார். ஏட்டின் ஒரு வரியில் தேதி திருத்தப்பட்டிருந்ததை அவர் கண்ணே முதலிற் கண்டது. "திருத்தியது யார்? எப்போது? ஏன்?" என்று இந்தியில் பொறுமையாக வினவினார். நாம் கூறியதை எழுதச் செய்து, படித்துக் காட்டச் சொல்லி, "நீங்கள் சொன்னது இதுதானா?" என்று கேட்ட பின்னரே கையொப்பம் வாங்கினார். இவ்வளவும் பத்து நிமிடத்தில் முடிந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் நாம் எண்ணியது ஒன்றே. இப்பீடத்தில் அமர்பவரை அமர்த்துவது யார்? இவர்கள் இவ்விடத்துக்கு எங்ஙனம் வருகின்றனர்?

உச்சநீதி மன்றத்தையும் உயர்நீதி மன்றங்களையும் பற்றி நாளேடுகள் நாள்தோறும் எழுதுகின்றன. ஆனால் எளிய குடிமகன் தன் வாழ்நாளிற் காணும் நீதிமன்றம் பெரும்பாலும் முதல் விசாரணை நடைபெறும் கீழ் நீதிமன்றமே. சாட்சியின் முகத்தைக் காண்பதும், அவன் குரல் தடுமாறுவதைக் கேட்பதும் அந்த நீதிபதி ஒருவரே. மேல் நீதிமன்றம் காண்பது தாள்களைத்தான். மெய் எது, பொய் எது என்னும் முடிபு முதலில் வேரூன்றுமிடம் அதுவே. அவ்வேர் சரியாக இல்லையேல் கிளைகள் எத்துணை உயர்ந்தும் பயன் என்னை? இக்கருத்தை விளக்குதற்கு நம் நாட்டு வரலாற்றில் திருவாரூர் முத்துசாமி ஐயர் அவர்களின் வாழ்வினும் சிறந்த சான்று நாம் அறிந்தவரையில் இல்லை.

அவர் சரிதத்தைக் கூறுமுன் அக்காலத்து நிலையைச் சிறிது காண்போம். 1793-இல் வங்காளத்தில் கார்ன்வாலிஸ் பிரபு புதிய நீதிமுறையை வகுத்தபோது, உயர்ந்த நீதிப் பதவிகள் யாவும் ஐரோப்பியருக்கே உரியவாயின. சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் பணி மட்டும் இந்தியருக்கு விடப்பட்டது. 1802-இல் அம்முறை சென்னை மாகாணத்திலும் புகுந்தது. ஊர் வழக்கம் அறியாத, ஊர்மொழியும் நன்கறியாத ஒருவர் தொலைவிலமர்ந்து நீதி வழங்குதல் அரிது என்பதைத் தாமஸ் மன்றோ உணர்ந்தார். அவர்தம் முயற்சியால் 1816-இல் பிறந்த சட்டங்கள் கிராம முன்சீப், மாவட்ட முன்சீப் ஆகிய பதவிகளை நிறுவின. மாவட்ட முன்சீபுக்கு மேலே சதர் அமீன், அதற்கு மேலே பிரின்சிபல் சதர் அமீன் என்னும் படிகளும் நாளடைவில் அமைந்தன. இந்தியர் ஏறக்கூடிய ஏணி அவ்வளவே. 1833-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம், சமயம், பிறப்பிடம், நிறம் முதலியன பற்றி எவருக்கும் பதவி மறுக்கலாகாது என்று கூறிற்று. கூறியது தாளில், நடைமுறையிலோ ஏணியின் மேற்படிகள் எட்டாதனவாகவே இருந்தன.

முத்துசாமி ஐயர் 1832 ஜனவரி 28-ஆம் நாள் தஞ்சை மாவட்டத்தில் ஓர் எளிய குடும்பத்தில் தோன்றினார். இளமையிலேயே தந்தையை இழந்தார். குடும்பத்தைக் காக்கும் பொருட்டுப் பன்னிரண்டாம் வயதளவிலேயே கிராமக் கணக்கருக்கு உதவியாளரானார். மாதச் சம்பளம் ஒரு ரூபாய். நம்மைப் போன்ற குமாஸ்தாக்கள் இவ்விடத்தில் சற்றே நிமிர்ந்து உட்காரலாம்!

திருவாரூர்த் தாசில்தாராக இருந்தவர் முத்துசாமி நாயக்கர் என்பவர். ஒரு நாள் ஆற்றின் கரை உடைந்ததென்று அவருக்குச் செய்தி வந்ததாம். விவரம் அறிந்துவர ஆள் தேடியபோது அலுவலகத்தில் இச்சிறுவன் ஒருவனே இருந்தானாம். உடைப்பின் அளவு என்ன, அடைக்க என்ன வேண்டும் என்பனவற்றை நேரிற் சென்று கண்டு, தடங்கலின்றி அவன் எடுத்துரைத்தானாம். தாசில்தார் பின்னர் விசாரித்தபோது, சிறுவன் சொன்னது முற்றும் சரியாயிருந்தது என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். இக்கதையில் நாம் காண்பது சிறுவனின் கெட்டிக்காரத்தனத்தை மட்டுமன்று. பிறர் சொல்லக் கேட்டதை ஒப்பாமல், சென்று, கண்டு, அளந்து, கண்டதையே சொல்லும் பழக்கம் அதிலே தெரிகிறது. விசாரணை நீதிபதிக்கு வேண்டிய முதற்குணம் அஃதே அன்றோ?

அத்தாசில்தாரின் ஆதரவால் அவர் நாகப்பட்டினத்துப் பாதிரிமார் பள்ளியிலும், பின்னர்ச் சென்னையிலும் பயின்றார். தெருவிளக்கின் கீழமர்ந்து படித்தார் என்னும் செய்தியை நாம் சிறுவராயிருந்த காலத்தில் ஆசிரியர்கள் சொல்லாத நாளில்லை. 1854-இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் ஐந்நூறு ரூபாய்ப் பரிசு பெற்றார். அவர் ஆசிரியர் பவல் துரைக்கு அவர்பால் பேரன்பு உண்டு. எனினும் கல்வி முடிந்தவுடன் பெரும்பதவி ஒன்றும் காத்திருக்கவில்லை. அறுபது ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு வேலை. பின்பு தஞ்சைக் கலெக்டர் கச்சேரியில் பழைய தஸ்தாவேசுகளைக் காக்கும் வேலை. அதன்பின் பள்ளிகளின் உதவித் தணிக்கையாளர் வேலை. இவ்வாறே நாட்கள் சென்றன.

அவ்வமயம் அரசினர் வக்கீல் தேர்வு என்று ஒன்றை ஏற்படுத்தினர். 1856-இல் முத்துசாமி ஐயர் கும்பகோணத்தில் அத்தேர்வை எழுதி வெற்றி பெற்றார். அதனை அடுத்துத் தரங்கம்பாடி மாவட்ட முன்சீபாக நியமிக்கப்பட்டார். தரங்கம்பாடி 1620 முதல் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் டேனிஷ்காரர் வசமிருந்து, 1845-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்ட கடற்கரை ஊர். அங்கே, இருபத்துநான்கு வயது இளைஞர் ஒருவர், நிலத் தகராறுகளையும் கடன் பத்திரங்களையும் பாகப்பிரிவினைகளையும் ஆராய்ந்து தீர்ப்பளிக்கத் தொடங்கினார். இந்நியமனத்தில் ஒன்றை உற்று நோக்கல் வேண்டும். கல்விக்கு வழிகாட்டிய தாசில்தாரின் கருணை ஒருபுறமிருக்க, நீதி பீடத்தில் அவரை ஏற்றியது தேர்வு. எவர் மகன், எவர் உறவினன் என்று கேளாமல் விடைத்தாளை மட்டும் கேட்கும் ஒரு வாயில் அன்று திறந்தது. அவ்வாயில் திறந்திராவிட்டால் அவர் தஸ்தாவேசு அறையிலேயே முதிர்ந்திருக்கக் கூடும்.

பின்னர் நடந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். 1859-இல் தஞ்சையில் உதவிக் கலெக்டர். 1865-இல் தென்கன்னட மாவட்டத்தின் மங்களூரில் பிரின்சிபல் சதர் அமீன். 1868-இல் சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட்டு. இவ்வேலைக்கிடையிலும் படிப்பை விடாது 1871-இல் சட்டத்தில் பி.எல். பட்டம் பெற்றார். செர்மானிய சட்ட நூல்களைக் கற்கும் பொருட்டு அம்மொழியையும் பயின்றார் என்பர். அதன்பின் மக்கள் ஸ்மால் காஸ் கோர்ட்டு என்று வழங்கும் சிறுவழக்கு நீதிமன்றத்து நீதிபதியானார்.

மாஜிஸ்திரேட்டாக இருந்த காலத்துச் செய்தி ஒன்று இன்றும் வழங்கி வருகிறது. தம் இடத்தில் அத்துமீறி நுழைந்தான் என்று ஓர் இந்தியனை உயர்நீதி மன்றத்து ஐரோப்பிய நீதிபதி ஒருவர் அடித்துவிட்டாராம். அடிபட்டவன் முத்துசாமி ஐயரின் மன்றத்தில் முறையிட்டான். அவர் அந்நீதிபதிக்குச் சம்மன் அனுப்பினார். இத்துணைப் பெரிய மனிதரை நேரில் வரவழைக்க வேண்டா என்று தலைமை மாஜிஸ்திரேட்டு சொல்லிப் பார்த்தார். முத்துசாமி ஐயர் இணங்கவில்லை. நீதிபதி வந்தார், வழக்குக் கேட்கப்பட்டது, மூன்று ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. மூன்று ரூபாய் அந்த நீதிபதிக்கு ஒரு பொருட்டன்று. அடிபட்டவனுக்கோ, அடித்தவரைத் தனக்கெதிரே நிறுத்திக் கேள்வி கேட்க நாட்டில் ஓரிடம் உண்டு என்பதே பெரும்பொருள். அவ்விடம் மிகத் தாழ்ந்த படியிலுள்ள ஒரு நீதிமன்றம் என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி, வரலாற்றின் முக்கியமான கட்டத்துக்கு வருவோம். 1861-ஆம் ஆண்டு உயர்நீதி மன்றச் சட்டப்படி 1862-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் உயர்நீதி மன்றங்கள் அமைந்தன. நீதிபதியாதற்கு உரியவர் யாவர் என்று அச்சட்டம் நான்கு வகையினரைச் சுட்டிற்று. பாரிஸ்டர்கள் ஒரு வகை. சிவில் சர்வீஸ் உத்தியோகஸ்தர்கள் மற்றொரு வகை. பத்தாண்டு தொழில் நடத்திய வக்கீல்கள் பிறிதொரு வகை. எஞ்சிய வகைதான் நமக்கு இங்கு முக்கியம். பிரின்சிபல் சதர் அமீனுக்கோ சிறுவழக்கு நீதிபதிக்கோ குறையாத நீதிப் பதவியில் ஐந்தாண்டு இருந்தவர்களும் தகுதியுடையர் என்று சட்டம் கூறிற்று. ஆக, கீழ் நீதிமன்றத்திலிருந்து மேலே செல்ல ஒரு கதவு இருந்தது. கல்கத்தாவில் 1863-இலேயே சம்புநாத் பண்டிட் என்னும் வக்கீல் நீதிபதியானார். சென்னையிலோ பதினைந்து ஆண்டுகள் கடந்தும் அவ்விருக்கையில் ஓர் இந்தியர் அமரவில்லை.

1878-இல் முத்துசாமி ஐயர் அவ்விருக்கைக்கு நியமிக்கப்பட்டபோது சென்னையில் ஒரு புயலே எழுந்தது. ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அந்நியமனத்தைத் தாக்கி எழுதின. இருபதாண்டுகளுக்கு மேலாக முன்சீபாகவும் சதர் அமீனாகவும் மாஜிஸ்திரேட்டாகவும் இருந்து, சாட்சிகளின் முகம் பார்த்துப் பழகிய ஒருவரைத் தகுதியற்றவர் என்று எழுதுதல் எத்தகைய நியாயம்? அதற்கு மறுமொழி கூற இந்தியர் கையில் ஆங்கிலப் பத்திரிகை ஒன்று வேண்டியிருந்தது. இதனைக் கண்டு மனம் வெதும்பிய இளைஞர் அறுவர், ஜி. சுப்பிரமணிய ஐயர், மு. வீரராகவாச்சாரியார் முதலானோர், ஒரு ரூபாய் பன்னிரண்டணாக் கடன் வாங்கி, எண்பது பிரதிகள் அச்சிட்டு, 1878 செப்டம்பர் 20-ஆம் நாள் ஒரு வார இதழை வெளியிட்டனர். அதுவே 'ஹிந்து' பத்திரிகை. ஒரு நீதிபதியின் நியமனம் ஒரு பத்திரிகையையே பிறப்பித்தது! நம் சங்கத்து வாசகசாலை மேசையில் நாள்தோறும் அவ்விதழைப் புரட்டுவோருள் எத்தனை பேர் இதனை எண்ணுகின்றோம்?

முத்துசாமி ஐயர் அப்பத்திரிகைகளுக்கு மறுப்பு எழுதிக் கொண்டிருக்கவில்லை. அவர் மறுமொழி தீர்ப்புக்களாகவே வந்தது. 1891-இல் மலபார்த் திருமணக் குழுவின் தலைமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1893-இல் சில திங்கள் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். அவ்வாண்டே சர் பட்டமும் பெற்றார். 1895 ஜனவரி 25-ஆம் நாள், பதவியிலிருக்கும்போதே காலமானார். சென்னை உயர்நீதி மன்றத்தினுள்ளே அவருக்குச் சலவைக்கற் சிலை உண்டு.

அவர் புகழைப் பாடுதல் மட்டுமே நம் நோக்கமாயின் இத்துடன் முடித்துவிடலாம். ஆயின் வரலாறு எழுதுபவன் மறுபுறத்தையும் காட்டல் வேண்டும். அவர் வறியவர், ஆயினும் கல்விக்கு இடம் கொடுத்த குலத்தில் பிறந்தவர். அவரைப் போன்றே அறிவுடைய எத்தனையோ சிறுவர்க்கு அக்காலத்தில் பள்ளியின் வாயிலே அடைத்திருந்தது. பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டா. தேர்வென்னும் வாயில் திறந்திருந்தும், அவ்வாயில் வரை செல்லும் வழி பலர்க்கு இல்லை.

அவ்வழி மெல்ல மெல்லவே திறந்தது. 1937-இல் திருவிதாங்கூரில் அன்னா சாண்டி அம்மையார் முன்சீபாக நியமிக்கப்பட்டார். நம் நாட்டில் பெண்ணொருவர் நீதிபதியானது அதுவே முதன்முறை. அவர் 1948-இல் மாவட்ட நீதிபதியாகவும், 1959-இல் கேரள உயர்நீதி மன்ற நீதிபதியாகவும் உயர்ந்தார். பாத்திமா பீவி அம்மையார் 1958-இல் முன்சீபாகத் தொடங்கி, 1989-இல் உச்சநீதி மன்றத்தின் முதற்பெண் நீதிபதியானார். பின்னாளில் தமிழகத்து ஆளுநராகவும் விளங்கினார். தாழ்த்தப்பட்ட மக்களிலிருந்து உச்சநீதி மன்றத்துக்குச் சென்ற முதல் நீதிபதியான ஆ. வரதராசன் அவர்களும், தமிழகத்தில் மாவட்ட முன்சீபாகத் தொடங்கியவரே. 1973-இல் சென்னை உயர்நீதி மன்றம். 1980-இல் உச்சநீதி மன்றம். இம்மூவரும் ஏறிய முதற்படி, தரங்கம்பாடியில் முத்துசாமி ஐயர் ஏறிய அதே படிதான்.

சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பு அம்முதற்படியைக் கவனமாகவே காத்துள்ளது. மாவட்ட நீதிபதியை ஆளுநர் உயர்நீதி மன்றத்தைக் கலந்து நியமித்தல் வேண்டும் என்று 233-ஆம் விதி கூறுகிறது. அதற்குக் கீழ்ப்பட்ட நீதிபதிகளின் நியமனத்துக்கு அரசுப் பணித் தேர்வாணையத்தையும் உயர்நீதி மன்றத்தையும் கலந்து விதிகள் செய்தல் வேண்டும் என்பது 234. அவர்களை ஆளும் பொறுப்பு உயர்நீதி மன்றத்தினுடையது என்பது 235. கலெக்டரே மாஜிஸ்திரேட்டாகவும் இருந்து, பிடிப்பவரும் தீர்ப்பவரும் ஒருவரே என்றிருந்த பழைய நிலை, 1974 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த குற்ற விசாரணை முறைச் சட்டத்தால் நாட்டின் பெரும்பகுதியில் மாறியது. அமைச்சரின் தயவிலோ கலெக்டரின் கட்டளையிலோ நீதிபதி வாழக்கூடாது என்பதே இவை அனைத்தின் கருத்து.

ஆயினும் ஒரு வினா இன்னும் ஓயவில்லை. நீதிபதித் தேர்வுக்கு வருவோர் சில ஆண்டுகள் வக்கீலாக இருந்திருத்தல் வேண்டுமா, அன்றிப் படிப்பு முடிந்தவுடனே வரலாமா? 1993-இல் மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்றது உச்சநீதி மன்றம். 2002-இல் வேண்டா என்றது. 2025 மே 20-ஆம் நாள் மீண்டும் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றத்தின் நடப்பை அறியாத இளைஞர் நேரே பீடத்தில் அமர்ந்தால் இடர்ப்பாடு விளைகிறது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். அக்காரணத்தை நாம் குறைகூற மாட்டோம்.

ஆனால் அத்தீர்ப்பு வெளியான மறுநாள் நம் அலுவலகத் தோழர் ஒருவர் வாடிய முகத்துடன் வந்தார். அவர் மகள் சட்டம் பயின்று தேர்ச்சி பெற்றவள். "மூன்றாண்டு வக்கீலாக இருக்க வேண்டுமாம். சீனியர் வக்கீல் பஸ் செலவுக்குக் கொடுத்தால் உண்டு. அதுவரை வீட்டை நடத்துவது யார் அண்ணா?" என்றார். நாம் என்ன விடை கூறுவது? முத்துசாமி ஐயர் வக்கீல் தேர்வில் வென்றாரேயன்றி, வக்கீலாகத் தொழில் நடத்தியவர் அல்லர், நேரே முன்சீபானவர். மூன்றாண்டு வருவாயின்றி இருக்க அவர் குடும்பத்தால் இயன்றிராது. அதே வேளையில், கணக்கு வேலையும் கச்சேரி வேலையும் பள்ளித் தணிக்கையும் அவருக்கு மக்களை முன்பே அறிமுகப்படுத்தியிருந்தன என்பதையும் மறுத்தற்கில்லை. ஆக, அனுபவமும் வேண்டும். அதனைப் பெறும் காலத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் சோறும் வேண்டும். அனுபவத்தைக் கேட்கும் நாடு அம்மூன்றாண்டுக்கு ஓர் உதவித்தொகையையும் எண்ணிப் பார்த்தல் நன்று. இல்லையேல் தேர்வின் வாயில் திறந்தேயிருக்கும். வழி மட்டும் மீண்டும் அடைபடும்.

இவ்விடத்தில் நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பு நாடி வந்த நாம், நம் பிள்ளைகளுக்கு மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டையே காட்டி வளர்க்கிறோம். நீதித்துறை நமக்கு அன்று என்று ஒதுக்கிவிடுகிறோம். இங்கே பிறந்து வளரும் நம் மக்கள் மராத்தியும் இந்தியும் தாய்மொழி போற் பேசுகின்றனர். இம்மாநிலத்துத் தேர்வை எழுத அவர்க்கு என்ன தடை? தஞ்சைப் பிள்ளை ஒருவர் கன்னடமும் துளுவும் கொங்கணியும் வழங்கும் மங்களூரிலே நீதி செலுத்தவில்லையா? சங்கம் ஆண்டுதோறும் வழங்கும் கல்வி உதவியில் ஒரு பங்கைச் சட்டம் பயிலும் மாணவர்க்கும், பயின்று முடித்துத் தொழில் பழகும் இளைஞர்க்கும் ஒதுக்கலாகாதா? செயற்குழுவினர் சிந்திப்பாராக.

இறுதியாக ஒன்று. நாம் சாட்சி கூறிய அவ்வழக்கில் எவர் வென்றார் என்பதை நாம் அறிந்துகொள்ள முயலவில்லை. ஏட்டில் இருந்ததைச் சொன்னோம். சொன்னதை அந்த அம்மையார் உள்ளவாறே எழுதிக்கொண்டார். ஆற்றுக்கரை உடைப்பைப் பார்த்து வந்து பார்த்ததையே சொன்ன சிறுவனின் நினைவு நமக்கு அப்போதுதான் வந்தது. நாட்டில் நீதி நிலைப்பது பெரிய மன்றங்களின் மாடங்களால் மட்டுமன்று. மூலை முடுக்குகளிலுள்ள சிறிய மன்றங்களில், பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்கும் ஒரு நீதிபதியாலும் ஆகும். அத்தகையோரைத் தேர்ந்தெடுத்து அமர்த்தும் வழி என்றும் திறந்திருப்பதாக. நம் சங்கமும் அவ்வழிக்கு ஒரு கைவிளக்கேனும் ஏந்துவதாக.